கிரிகோரி பாவ்லோவிச்சுக்கு ஒரு வானம்

இந்த நாட்டில் என் தொழிலின் பேரைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குச் சிரிப்பு வருகிறது. பெயின்ரருக்குப் பிரெஞ்சில் 'பேந்த்ர்' என்பார்கள். வந்த புதிதில் பிரெஞ்சு வகுப்பில் ரீச்சர் ஒவ்வொருவராக எழுப்பித் தொழில் கேட்டார். நான் எழுந்து "பேந்த்ர்" என்றேன். பின் வாங்கிலில் இருந்த மானிப்பாய்க்காரன், "அண்ணைக்கு வேலை இப்ப இல்லையாம், பேந்துதானாம்," என்றான். பேந்து என்றால் எங்கள் பேச்சில் பிறகு. தமிழ் ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். ரீச்சர் தன் உச்சரிப்பில் ஏதோ பிழை என்று நினைத்து அந்தச் சொல்லை இன்னும் மூன்று தரம் சொல்லிக் காட்டினார். அவர் சொல்லச் சொல்லச் சிரிப்புக் கூடியது.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்கள் ஒன்றை அறிய வேண்டும். அந்தச் சொல்லுக்கு இங்கே இரண்டு ஆட்கள் சொந்தக்காரர். வீட்டுச் சுவருக்கு வர்ணம் அடிக்கிறவனும் பேந்த்ர். படம் கீறிக் கண்காட்சி வைக்கிறவரும் பேந்த்ர். ஒரே சட்டையை இரண்டு பேர் போட்டுத் திரிகிற மாதிரி. அந்த ஒரு சொல்லால்தான் நான் போன வருடம் ஒரு வானத்துக்குள் மாட்டுப்பட்டேன்.

நான் இருப்பது மொன்றியலில், லாசால் பகுதியில். வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே. போன வசந்தத்தில் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு பழைய செங்கல் கட்டிடத்தின் நடைவழிகளுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடியில் ஒரு கதவு திறந்தது. எண்பது தாண்டிய கிழவர். நெட்டை. முழங்கையில் ஓட்டை விழுந்த கம்பளிச் சட்டை. என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

"சுவர் அழுகிறது," என்றார்.

திரும்பிப் பார்த்தேன். ஒரு சொட்டு வழிந்திருந்தது. றோலரால் இழுத்துவிட்டேன்.

"நீங்கள் பேந்த்ரா?"

"ஓம்."

"நானும்," என்று நெஞ்சில் தட்டிக் காட்டினார்.

அவர் பேசியது ரஷ்யன் கலந்த பிரெஞ்சு. நான் பேசியது யாழ்ப்பாணம் கலந்த பிரெஞ்சு. பிரெஞ்சுக்காரர் யாரும் கேட்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். இங்கே தமிழில் எழுதுவதால் திருந்திய மாதிரித் தெரியும்.

பென்ஷன் எடுத்த பெயின்ரர் என்று நினைத்தேன். வேலை போனாலும் கண் போகாது.

"உள்வேலையா, வெளிவேலையா?" என்று கேட்டேன்.

யோசித்தார். "பெரும்பாலும் உள்ளே."

"பெரிய இடங்களோ?"

"தியேட்டர்."

எனக்கு மதிப்பு வந்துவிட்டது. தியேட்டர்ச் சுவர் சும்மா இல்லை. சாரம் கட்டி ஏற வேண்டும். "முதுகு போயிருக்குமே?"

"போய்விட்டது," என்று திரும்பி முதுகைக் காட்டினார்.

"எத்தனை பூச்சு?"

"சில நேரம் ஏழு. வானத்துக்கு ஏழு."

அங்கே கூரையின் உட்பக்கத்தை வானம் என்பார்கள் போல என்று நினைத்தேன். கூரைக்கு ஏழு பூச்சு! இங்கே முதலாளி இரண்டாவதையே களவாகத்தான் அடிக்க விடுவான். ரஷ்ய அரசாங்கத்தில் எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது.

இப்படியே ஒரு கிழமை கதைத்தோம். தூரிகை கழுவுவது பற்றி, மழைநாளில் காயாதது பற்றி. எந்த இடத்திலும் பிசகவில்லை. அடுத்த கிழமை சூப் குடிக்க உள்ளே கூப்பிட்டார். சூப் ரத்தச் சிவப்பு. பீற்றூட் என்றார். சுவர் முழுக்கப் படங்கள் சாய்ந்து கிடந்தன. மேசை முழுக்க மட்டையில் செய்த சின்னச் சின்ன மேடைகள், படி, தூண், மரம் எல்லாம் வைத்து. "பேரப்பிள்ளைக்குப் பொம்மை வீடோ?" என்று கேட்டேன். மனிதரின் முகம் கறுத்துவிட்டது. பிறகு விளங்கி, இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். ஒரு கிழமையாகத் தான் படங்களைப் பற்றியும் நான் சுவர்களைப் பற்றியும் கதைத்திருக்கிறோம் என்று அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

அன்றைக்குத்தான் பேரைக் கேட்டார். இங்கே என்னை எல்லாரும் கந்தையா என்பார்கள். கந்தையா என் அப்பா. எங்கள் முறையில் தகப்பன் பேரை முன்னால் எழுதினோம். இவர்கள் முன்னால் உள்ளதுதான் ஆளின் பேர் என்று பதிந்துவிட்டார்கள். ஊரில் என் அப்பரைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒருவருக்கும் துணிவு இருந்ததில்லை. இங்கே இருபத்தைந்து வயது முதலாளி, "ஏய் கந்தையா, ஏணியை எடு," என்பான். அப்பர் செத்த பிறகும் மொன்றியலில் ஏணி தூக்கிக்கொண்டிருக்கிறார்.

இதைச் சொன்னதும் கிழவருக்குப் பெரிய சந்தோஷம். அவர்கள் ஊரிலும் மரியாதை என்றால் தகப்பன் பேரையும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டுமாம். அவர் கிரிகோரி, தகப்பன் பாவெல். ஆகவே கிரிகோரி பாவ்லோவிச். "நீங்கள் செல்வராசா. தகப்பன் கந்தையா." விரலை உயர்த்தினார். "செல்வராசா கந்தையாவிச்!"

வீட்டுக்கு வந்து மனுசிக்குச் சொன்னேன். ராணி கையில் இருந்த சட்டியை வைத்துவிட்டுச் சிரித்தா. "உங்கட அப்பர் உயிரோட இருந்திருந்தால் இந்தப் பேருக்கே கொம்யூனிஸ்ட் எண்டு பிடிச்சுக்கொண்டு போயிருப்பாங்கள்."

அதன் பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரிடம் போவேன். சூப்போடு தன் கதையையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். ஆறு ஓடுகிற பெரிய பட்டணம். தகப்பனுக்கு ரயிலில் வேலை. மகன் ரயில் பெட்டியில் கரிக்கட்டியால் குதிரை கீறினான். தகப்பன் தந்த அடிதான் கலைக்குக் கிடைத்த முதல் விருது என்றார். பிறகு ஓவியப் பள்ளிக்கூடம். பிறகு பெரிய நாடக மேடை. காடு கேட்டால் காடு, அரண்மனை கேட்டால் அரண்மனை. மழை கேட்டார்கள், அதையும் கீறிக் கொடுத்தார். இந்தப் பக்கம் வந்த பிறகு கடைக் கண்ணாடிகளில் நத்தார்ப் பண்டிகைக்குப் பஞ்சில் பனி செய்தார். பனிச்சறுக்கு ஆட்டக்காரருக்கு மாளிகை கட்டினார். சின்ன நாடகக் குழுக்கள் கூப்பிட்டால் ஓடுவார். கிரேக்கச் சாப்பாட்டுக் கடைச் சுவர்களில் நீலக் கடலும் வெள்ளை வீடும் கீறினார்.

"கிரேக்கம் போயிருக்கிறியளோ?"

"இல்லை. பன்னிரண்டு தரம் வரைந்திருக்கிறேன். இனிப் போனால் ஏமாற்றமாக இருக்கும்."

ஒரே ஒரு கண்காட்சி வைத்தாராம். வந்தவர்கள் வைனைப் பற்றி நல்லபடியாகச் சொன்னார்களாம்.

ஒரு விஷயத்தை மட்டும் அவர் சிரிக்காமல் சொன்னார். அவருடைய பழைய பட்டணத்தில் ஒரு நாடகம். ஆற்றங்கரை இறங்குதுறையில் சனம் கப்பலுக்குக் காத்திருக்கும். கப்பல் வராது. அவ்வளவுதான் கதை. அதற்கு அவர் மேடை முழுக்க ஒரு வானம் செய்தார். ஏழு பூச்சு. அரங்கேற்றத்துக்கு முதல் நாள் மூன்று அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். எங்கள் தொழிலாளிகளுக்கு மேலே இருக்கிற வானம் இவ்வளவு துக்கமாக இருக்க ஏலாது என்றார்கள். மற்ற நாள் காலை இவர் போனபோது வானம் நல்ல நீலமாக இருந்தது.

"ஆர் அடிச்சது?"

"உங்களைப் போல ஒரு பேந்த்ர்."

"எப்படி அடிச்சிருந்தான்?"

"மிக நன்றாக. ஒரு சொட்டு வழியவில்லை."

அந்த வானத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அது அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

வைகாசியில் ஒரு நாள் கதவைத் தட்ட முன்னமே திறந்தார். பக்கத்துத் தேவாலயத்தின் நிலவறையில் ரஷ்ய ஆட்கள் சிலர் வேலை முடிந்து நாடகம் போடுவார்கள். அதே நாடகத்தைப் போடப்போகிறார்களாம். மேடைக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலை கிரிகோரி பாவ்லோவிச்சுடையது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் இரண்டு தடங்கல். அவருடைய கை நடுங்கும். தேத்தண்ணிக் கோப்பையே பாதி வழியில் பாதியாகிவிடும். அடுத்தது, மாத முடிவில் மகள் வந்து அவரை வன்கூவருக்குக் கூட்டிப் போகிறாள். இதை விட்டால் வேறு மேடை இல்லை. சனிக்கிழமைக்குள் முடியாவிட்டால் கறுப்புத் துணி தொங்கவிடுவோம் என்று குழுக்காரர் சொல்லிவிட்டார்கள்.

"கறுப்புத் துணி என்றால் அது நாடகம் இல்லை. செத்த வீடு," என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். கை நடுங்காது. அதற்கு மேல் அதில் ஒரு திறமையும் இல்லை.

"எனக்குச் சுவர்தான் தெரியும்," என்றேன்.

"வானமும் சுவர்தான். கொஞ்சம் தள்ளி இருக்கிறது."

முதலாளியிடம் ஒரு கிழமை லீவு எடுத்தேன்.

நிலவறையில் துணியை நிலத்தில் விரித்தோம். ஒரு பஸ்ஸை மூடலாம், அவ்வளவு பெரிது. அவர் கதிரையில் இருந்தார், கையில் ஊன்றுகிற பொல்லு. திங்கட்கிழமை அவர் காட்டிய சாம்பல் நிறத்தை எடுத்து ஒரு மூலையில் ஆரம்பித்தேன். என் ஆயுளில் அடித்த நல்ல அடி அது. கோடு இல்லை, திட்டு இல்லை, மேடு பள்ளம் இல்லை. பின்னேரம் அவர் எழுந்து வந்து பார்த்தார்.

"இது ஒரு சுவர்," என்றார்.

"மெர்சி," என்றேன்.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார். அது பாராட்டு இல்லை என்று பிறகுதான் விளங்கியது.

செவ்வாயும் புதனும் நிறம் கலப்பதுதான் வேலை. "சாம்பல்," என்பார். சாம்பல் காட்டுவேன். "சாம்பல் இல்லை," என்பார். நீலம் கூட்டினால் கடுதாசி உறை என்பார். மஞ்சள் விட்டால் ஆஸ்பத்திரி என்பார். அந்தப் பட்டணத்தில் ஆனி மாதம் இரவு வராதாம், பகலும் போகாதாம். "அப்ப என்னதான் இருக்கும்?" என்று கேட்டேன். "அதுதான் இருக்கும்," என்றார். வாளிகள் பதினொன்று நிறைந்துவிட்டன. பதினொன்றும் பிழை.

வியாழக்கிழமை அவருக்கு ஆஸ்பத்திரியில் சோதனை. நான் தனிய. ஊரில் எனக்குத் தெரிந்த வர்ணம் இரண்டுதான், காவியும் வெள்ளையும். கோயில் மதிலுக்குப் பட்டை அடிக்கிற வேலை. நூல் பிடித்து நேராக இறக்க வேண்டும். காவி வாளிக்குள் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரரின் நீலத் தூரிகையைத் தெரியாமல் விட்டுவிட்டேன். சாம்பலாகிவிட்டது. ஏச்சு வாங்கினேன். அந்த ஏச்சு இப்போது ஞாபகம் வந்தது. கறுப்பு விட்டால்தானே சீமெந்து மாதிரி வருகிறது. கறுப்பை மூடி வைத்தேன். வெள்ளை வாளிக்குள் நீலம் கொஞ்சம், அதற்குள் காவி கொஞ்சம்.

கிளறக் கிளற ஒரு நிறம் வந்தது. அதை நான் எங்கோ பார்த்திருக்கிறேன். ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று பருத்தித்துறையில் வள்ளத்துக்குக் காத்திருந்த விடியல். மார்கழி. முதல் நாள் முழுக்க மழை. வெயிலும் இல்லை, இருட்டும் இல்லை. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க ஏலாத ஒரு நிறம். வள்ளம் வருகிறதா என்று பார்க்க வேண்டிய கண்ணால் நான் அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராணியும் பக்கத்தில் நின்றவ. வள்ளம் வந்தது. ஏறினோம். அவ்வளவுதான்.

றோலரை வைத்துவிட்டுப் பெரிய தூரிகையை எடுத்தேன். பட்டை அடிக்கிற மாதிரி இல்லாமல், கை போன போக்கில் அடித்தேன். துணியில் சரி பாதி முடிந்தபோது படியில் பொல்லுச் சத்தம் கேட்டது.

கிரிகோரி பாவ்லோவிச் வந்து நின்றார். கோட்டைக் கழற்றவில்லை. கன நேரம் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பித் தோளுக்கு மேலால் துப்பினார். த்பூ, த்பூ, த்பூ. மூன்று தரம்.

என் வேலையை ஆட்கள் குறை சொல்லியிருக்கிறார்கள். திரும்ப அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரும் துப்பியதில்லை. தூரிகையைக் கழுவினேன். அவர் ஏதோ சொல்லச் சொல்லப் படியேறி வெளியே வந்துவிட்டேன். மெட்ரோவில் வரும்போது கையில் இருந்த சாம்பல் நிறத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் ராணி தேத்தண்ணி வைத்துக்கொண்டு நின்றா. "வேளைக்கு வந்திட்டியள்? வானம் முடிஞ்சுதோ?"

"பாதி. இனிப் போகமாட்டன். துப்பிப்போட்டார்."

"ஆருக்கு?"

"என்ர வேலைக்கு."

"எப்பிடித் துப்பினவர்?"

இதில் என்ன விசாரணை என்று எனக்குக் கோபம். இருந்தாலும் செய்து காட்டினேன். தோளுக்கு மேலால், மூன்று தரம்.

ராணி கோப்பையை வைத்தா. அவ ஒரு கார்டெரியில் பிள்ளை பார்க்கிற வேலை. "இஞ்சேருங்கோ, என்னோட வேலை செய்யிற ரஷ்யக்காரியும் உப்பிடித்தான். ஆரும் ஒரு பிள்ளையை வடிவு எண்டால் போதும், உடன திரும்பித் துப்புவா. கண்ணூறு, நாவூறு படாமல் இருக்க. நாங்கள் செத்தல் மிளகாயைச் சுத்தித் துப்பச் சொல்லுறேல்லையே, அவை தோளுக்கு மேலால துப்பினம். மிளகாய்ச் செலவு மிச்சம்."

கையில் மிச்சமிருந்த சாம்பல் நிறத்தைப் பார்த்தேன்.

"இவ்வளவு காலம் சுவர் அடிச்சியள். ஆராவது உங்கட வேலைக்கு நாவூறு பாத்தவையே?"

"இல்லை."

"முதல் முதலா ஒருத்தர் பாத்திருக்கிறார். நீங்கள் கோவிச்சுக்கொண்டு மெட்ரோ ஏறிட்டியள்."

வெள்ளிக்கிழமை கதவு திறக்க முன்னமே போனேன். எனக்கு முன்னம் அவர் அங்கே நின்றார். நிற்கவில்லை, துணியின் வெறும் பாதியில் முழங்காலில் இருந்தார். கையில் தூரிகை. நடுங்குகிற கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு அடித்துப் பார்த்திருக்கிறார். ஒரு தலையணை அளவு இடம் முடிந்திருந்தது. அதுவும் குதிரை உருண்ட இடம் மாதிரி. என்னைப் பார்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு அவ்வளவு பிரெஞ்சு தெரியாது. தமிழிலும் பழக்கமில்லை. அவருக்கு முன்னால் போய் நின்று, தலையைத் திருப்பி, தோளுக்கு மேலால் மூன்று தரம் துப்பினேன்.

"அது வலது தோள்," என்றார். "இடது தோள்தான். இப்போது எல்லாம் கெட்டுப்போயிற்று. திரும்பச் செய்யுங்கள், கந்தையாவிச்."

திரும்பச் செய்தேன். கை கொடுத்து எழுப்பினேன்.

முதல் நாள் கலந்த வாளி காலி. திரும்பக் கலந்தேன், வெள்ளை, நீலம், காவி. ஏழு பூச்சுக்கு நேரமில்லை, ஒரே பூச்சில் மிச்சப் பாதியை அடித்தேன். அவர் கதிரையில் இருந்து ஒரு பிழையும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் ஒன்றை மட்டும் தானே கீறுவதாகச் சொன்னார். இறங்குதுறையில் ஒரு விளக்கு. கம்பத்தையும் விளக்கையும் கீற அவருக்கு மத்தியானத்திலிருந்து பின்னேரம் வரைக்கும் எடுத்தது. கம்பம் வளைந்து, விளக்கு ஒரு பக்கம் சரிந்திருந்தது. நான் ரேப் ஒட்டி ஓரத்தை நேராக்கப் போனேன்.

"தொட்டால் கொன்றுவிடுவேன்," என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. தொடவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு நாடகம். ராணி சேலை கட்டிக்கொண்டு வந்தா. அந்த நிலவறையில் சேலை அவ ஒருத்திதான். வாசலில் நின்ற ரஷ்யக் கிழவிகள் அவவின் சேலைக் கரையைத் தடவிப் பார்த்தார்கள், ஏதோ சொன்னார்கள், உடனே துப்பினார்கள். ராணி என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

முன்னுக்கு இரண்டாம் வரிசை. எனக்கு வலது பக்கம் கிரிகோரி பாவ்லோவிச், இடது பக்கம் ராணி. அவர் கழுத்தில் ரை கட்டியிருந்தார். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் இருந்துகொண்டார், நடுக்கம் தெரியாமல் இருக்க. திரை விலகியது.

நிலத்தில் கிடக்கும்போது அது துணி. தொங்கவிட்டு வெளிச்சம் போட்டதும் வேறு என்னவோ. ஒரு இருமல் சத்தம்கூடக் கேட்கவில்லை. முன் வரிசைப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் மெல்ல ஏதோ சொன்னாள். கிழவர் என் காதுப் பக்கம் சரிந்தார்.

"எங்கள் ஆறு என்கிறாள். ஆனி மாதமாம்."

இந்தப் பக்கம் ராணி என் கையைப் பிடித்தா. "இது எங்கட பருத்தித்துறைக் கடலெல்லே? அண்டைக்கு நிண்ட கரையெல்லே?"

"ஓம்."

"அவருக்கு என்னெண்டு தெரியும்?"

நான் கிழவர் பக்கம் திரும்பினேன்.

"உங்கள் மனைவி என்ன சொல்கிறா?" என்று கிழவர் கேட்டார்.

"அதையேதான்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். தொடைக்குக் கீழே இருந்த கைகளை வெளியே எடுத்து மடியில் வைத்தார். அவை தங்கள் பாட்டுக்கு நடுங்கின. அவர் அதைக் கவனிக்கவில்லை.

நான் பெயின்ரர். கண் போகிற இடத்துக்குத்தான் போகும். வியாழக்கிழமை அடித்தது இடது பாதி, வெள்ளிக்கிழமை அடித்தது வலது பாதி. இரண்டு நாளும் கலந்தது ஒரே நிறம் என்றுதான் நினைத்திருந்தேன். வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்று இல்லை. ஒரு பக்கத்தில் காவி ஒரு பொட்டுக் கூடிவிட்டது. நடுவால் மேலிருந்து கீழே ஒரு கோடு இறங்கியிருந்தது. மற்ற ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

மேடைக்கு ஒரு நடிகர் வந்தார். கையில் பெட்டி. சரியாக அந்தக் கோட்டுக்கு நேரே வந்து பெட்டியைக் கீழே வைத்தார். கப்பல் வருகிறதா என்று இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் பார்த்தார். பெட்டியை எடுக்கவில்லை, அந்த இடத்தைவிட்டு அசையவும் இல்லை.